வாய் திறக்காத வாரம்

செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங்கின் நடுவில் அவளுக்குக் குரல் போனது. "இதை நாம ஏன்..." என்று ஆரம்பித்தாள்; அதற்கு மேல் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. திரையில் கட்டம் கட்டமாக இருந்தவர்கள் தங்கள் பக்கம்தான் ஏதோ கோளாறு என்று ஹெட்போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

தொண்டை டாக்டர் மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். "உள்ளே நல்லா வீங்கியிருக்கு. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசிக்கலாம்னும் நினைக்காதீங்க, அது இன்னும் கெடுதல். என்ன வேலை?"

"சாஃப்ட்வேர்," என்றார் கூட வந்திருந்த கணவர்.

"அதுக்குக் கைதானே வலிக்கணும்?"

டாக்டர் சொன்னது நியாயம்தான். ஒரு காலத்தில் அவளுக்கும் கைதான் வலித்தது. சம்பளம் ஏற ஏற, புரோகிராம் எழுதும் வேலை தேய்ந்து, பேசும் வேலை வளர்ந்துவிட்டது. பெரிய இணையக் கடை ஒன்றின் பணம் கட்டும் பகுதி முழுக்க அவள் பொறுப்பில். மேலே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும், கீழே இருப்பவர்களை உசுப்ப வேண்டும், நடுவில் இருப்பவர்களின் சண்டையைத் தீர்க்க வேண்டும். ஆபீஸில் அவளுக்கு 'ஹலோ அக்கா' என்றே பெயர். வீட்டில் மிஞ்சியவை சில சொற்கள்தான்: "ஒரு நிமிஷம்", "சரிடா", "சூப்பர்". கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுச் சக்கரம் அவர் தயவில் ஓடிக்கொண்டிருந்தது.

லீவு போட அவளுக்கு மனசு வரவில்லை. பேசத்தானே கூடாது, டைப் செய்யலாமே என்று மறுநாளும் வீட்டிலிருந்தபடியே மீட்டிங்கில் உட்கார்ந்தாள். டைப் செய்பவளுக்காகப் பேச்சு காத்திருக்குமா? அவள் ஒரு வரியை முடிப்பதற்குள் அது இரண்டு தெரு தாண்டிப் போயிருந்தது. பணம் கட்டும் பகுதியின் புது வெர்ஷனை இந்த வாரமே வெளியே விடலாமா என்று கேள்வி வந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பதவியில் அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்தவனை எல்லோரும் 'நெட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் முகம் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசாதவன். கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் செருமினான்.

"அப்ப நானே சொல்லிடறேன். இந்த வாரம் வேணாம். இன்னொரு தடவை சோதிச்சுட்டு அடுத்த வாரம் விடலாம்."

முடியவே முடியாது என்று டைப் செய்ய ஆரம்பித்தாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் விரல் நின்றது. என்ன அவசரம்? அவளுக்கே ஞாபகம் வரவில்லை. எழுதியதை அழித்தாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதில் நிம்மதி எவ்வளவு, அவமானம் எவ்வளவு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் சீக்கிரமே லேப்டாப்பை மூடிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையை மூலையில் எறிந்துவிட்டுப் பக்கத்தில் வந்து விழுந்தாள்.

"அம்மா, இன்னைக்கு டிரம்ஸ் கிளாஸ்ல குச்சி உடைஞ்சுபோச்சு. மாஸ்டர் மூஞ்சியைப் பாக்கணுமே!"

அவள் போனில் 'என்ன டிரம்ஸ்? நீச்சல் என்னாச்சு?' என்று எழுதிக் காட்டினாள்.

"நீச்சலா? அதை விட்டு எவ்வளவு நாளாச்சு! உன்கிட்ட சொன்னேனே. 'சூப்பர்டா'ன்னு சொன்னியே."

கோபம் சுர்ரென்று ஏறியது. கத்துவதற்குக் குரல் இல்லை. அதனால் மகள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். நீச்சலில் பெரிய பெண்களோடு சேர்த்துவிட்டார்களாம். இவள் நீந்துவதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்களாம். பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாளாம். டிரம்ஸ் அடிக்கத் தெரியாவிட்டாலும் யாரும் சிரிப்பதில்லையாம்.

அவள் மகளின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பேச முடியாதப்பதான் நீ நல்லா கேக்கறம்மா," என்றது குட்டி. குத்திக்காட்டவெல்லாம் அதற்குத் தெரியாது. மனசில் பட்டதைச் சொன்னது. அதுதான் அதிகமாக வலித்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவரிடம் போனை நீட்டினாள்: 'உங்களுக்குத் தெரியுமா?'

"நான்தானே கிளாஸ்ல சேர்த்துவிட்டேன்."

'ஏன் என்கிட்ட சொல்லலை?'

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். குரலில் சண்டை இல்லை. "அவ சொன்னப்ப நீயும் நம்ம சாப்பாட்டு மேஜையிலதான் உக்காந்திருந்த. காதுல ஹெட்போன்."

ஒரு வாரம் கழித்துக் குரல் கரகரப்பாகத் திரும்பி வந்தது. முதல் வேலையாக மேலதிகாரியின் அறைக்குப் போனாள். டீமை நெட்டை பார்த்துக்கொள்ளட்டும், தனக்கு டிசைன் வேலை மட்டும் போதும், சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள்.

"சம்பளம் குறையும். புரமோஷன் வரிசையில இருந்து இறங்கிடுவீங்க," என்றார் அவர். "அவசரப்படாதீங்க. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"ஒரு வாரமா யோசிக்கறதைத் தவிர வேற வேலையே இல்லை சார்."

அவர் சிரித்துவிட்டார். அவளும்.

அதற்காக வீடு உடனே சொர்க்கமாகிவிடவில்லை. சீக்கிரம் வந்தவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கணவர் வருஷக்கணக்காக அடுக்கி வைத்திருந்த சமையலறை அலமாரியை ஒரே நாளில் கலைத்துப்போட்டாள். "நீ வீட்ல இருக்க ஆரம்பிச்சு எனக்குத்தான் வேலை கூடிப்போச்சு," என்று அவர் நொந்துகொண்டார். டிரம்ஸ் சத்தத்தில் அவளுக்குத் தலை வலித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எல்லாம் பழகியது.

வருஷக் கடைசியில் நெட்டைக்கு டைரக்டர் பதவி கிடைத்தது. அவளுக்கு வந்திருக்க வேண்டியது. ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்று, முகம் கழுவி, போய்க் கை குலுக்கினாள். "எல்லாம் உங்களாலதான் அக்கா," என்றான் அவன் கூச்சத்தோடு. பொய் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு."

"ரொம்பவா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "சாப்பிட்டா போயிடும்னு நினைக்கறேன்," என்று தட்டை எடுத்து வைத்தாள்.