ஒக்டோபருக்குப் பிறகு நேரம் போதாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மகேஸ்வரனைப் பகிடி பண்ணத்தான் இந்தக் கதையை எழுத வெளிக்கிட்டேன். என் சிறுகதைத் தொகுப்பை வாசிக்காமலே ‘குட்டி முதலாளித்துவம்’ என்று சொன்ன மனுசன் அவர்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘பெத்ரோகிராட்டில் பனி கொட்டிய அந்த நாளைப் போலவே ஸ்காபரோவிலும்…’

வேண்டாம். பனியைப் பசையாக்கி ரஷ்யாவையும் ரொறன்ரோவையும் ஒட்டுகிற வேலையை இங்கே பேனா பிடித்த எல்லாரும் செய்துவிட்டார்கள். மக்டலீனிலிருந்து தொடங்குகிறேன்.

2

மக்டலீனுக்கு அறுபத்திரண்டு வயது. ரொறன்ரோவுக்கு வெளியே, விட்பியில் மகளோடு இருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்காபரோ நூலக அறையில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்குத் தானே கார் ஓட்டி வருவார். பதினொரு வருடத்தில் ஒரு கூட்டம் தவறவில்லை. வட்டத்தில் நாங்கள் ஐந்து பேர். தலைவர் மகேஸ்வரன். அவரை யார் தேர்ந்தெடுத்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. (அவருக்கு ஞாபகம் உண்டு: ஏகமனதாக.)

படிப்பது ரஷ்யப் புரட்சி. பெப்ரவரியில் பாண் வாங்கும் வரிசையில் நின்று களைத்த பெண்கள் தெருவுக்கு இறங்குவார்கள். ஜார் மன்னர் முடி துறப்பார். ஒக்டோபரில் குளிர்கால அரண்மனை விழும். உடனே மகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “மிச்சத்துக்கு நேரம் போதாது” என்பார். அடுத்த வருடம் மறுபடியும் பெப்ரவரி. எங்கள் ரஷ்யாவில் எல்லாரும் வென்றுகொண்டே இருந்தார்கள், ஒருவரும் சாகவில்லை.

3

போன நவம்பர் கூட்டத்தில் அரண்மனை விழுந்த கையோடு மக்டலீன் எழும்பினார்.

“அண்ணை, இந்தமுறை மிச்சத்தையும் வாசிப்பம். முப்பத்தாறு, முப்பத்தேழில பழைய புரட்சிக்காரரிலயே போட்ட வழக்குகளை.”

“உது மேற்கு நாட்டுக்காரற்ற பிரசாரம், பிள்ளை.”

“வாசிச்சுப்போட்டுப் பிரசாரம் எண்டு சொல்லுவமே.”

தளபாடக் கடை வைத்திருக்கும் அதாஉல்லா, “வாக்கெடுத்தாச் சரிதானே” என்றார். மூன்று கைகள் எழும்பின: மக்டலீன், அதாஉல்லா, மங்கையற்கரசி. மங்கையற்கரசி, மகேஸ்வரனின் மனைவி. நான் நடுநிலை.

“வட்டத்தின்ர யாப்பு விதிகளின்படி மூண்டிலை ரெண்டு பங்கு வேணும்” என்றார் மகேஸ்வரன்.

“இஞ்சருங்கோ, எங்களுக்கு யாப்பு எப்ப வந்தது?” என்றார் மங்கையற்கரசி.

“கூட்டம் முடிஞ்சுது. நூலகம் பூட்டப்போகினம்.” அப்போது பின்னேரம் மூன்றரை; நூலகம் பூட்டுவது ஐந்து மணிக்கு.*

* 1918 ஜனவரியில் ரஷ்யாவின் அரசியல் நிர்ணய சபை ஒரேயொரு முறை கூடியது. பெரும்பான்மை புரட்சி அரசின் பக்கம் இல்லை. காவலர்கள் களைத்துவிட்டார்கள் என்று சொல்லி அந்தச் சபையை எழுப்பி அனுப்பினார்கள். அவர்களாவது விடியும்வரை பொறுத்தார்கள்.

4

இதுவரை எழுதியதில் எனக்கு நல்ல சுகம். மகேஸ்வரன் கோமாளியாக நன்றாகவே வந்திருக்கிறார். ஆனால் அன்று மக்டலீன் வீட்டுக்குப் போகவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

“புரட்சி செய்த மத்திய குழுவில கனபேரை இருவது வருசத்துக்குள்ள அவையின்ர கட்சியே சுட்டது. அந்தப் பேருகளை வாசிக்க உங்களுக்கு ஏன் நேரமில்லை எண்டு எனக்குத் தெரியும். எண்பத்தஞ்சில, உங்கட இயக்கக்காரர் தங்கின கொக்குவில் வீட்டிலை, என்ர அண்ணன் மரியோவை உளவாளி எண்டு உங்கட குழு வாக்கெடுத்து வெளியேத்தினது. பிறகு ஒருத்தரும் அவனுக்குக் கதவு திறக்கேல்லை. மூண்டாம் நாள் அவன்ர சைக்கிள் மட்டும் எங்கட வீட்டை வந்தது. அண்டைக்குக் கை தூக்கினதிலை நீங்களும் ஒராள்.”

“எல்லாரும் தூக்கினவை, பிள்ளை.”

“ஓம். அதைத்தான் வாசிப்பம் எண்டு கேக்கிறன். அவன் உளவாளியோ?”

மகேஸ்வரன் மனைவியைப் பார்த்தார். அவர் உதவவில்லை.

“இல்லை. எனக்கு அப்பவே தெரியும்.”

அந்த வார்த்தைக்காகத்தான் மக்டலீன் பதினொரு வருடம் நெடுஞ்சாலையில் வந்து போயிருக்கிறார். அது கிடைக்கும் நாளில் கத்துவேன், அழுவேன் என்றுதான் நினைத்திருந்தாராம். அவருக்குப் பசித்தது. அதாஉல்லா நீட்டிய மீன் ரோல்ஸை இருந்து முழுவதும் சாப்பிட்டார்.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

மகேஸ்வரன் அழ, மக்டலீன் மன்னிக்க… (வெட்டிவிட்டேன். இருவரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை.)

வட்டம் உடைந்து, இரண்டரைப் பேரோடு இன்னொரு வட்டம் தோன்றுகிறது. (நம்பலாம். எங்கள் ஊர் இடதுசாரிகளின் மரபும் அதுதான். ஆனால் நடக்கவில்லை.)

நடந்தது இதுதான். டிசம்பரில் எல்லாரும் வந்தோம். வழக்குகளை வாசிப்பது மகேஸ்வரன் என்று மக்டலீன் சொல்லிவிட்டார். செய்யாத குற்றத்தை ஒருவர் ஒப்புக்கொள்ளும் இடத்தில் மகேஸ்வரன் நிறுத்திவிட்டார். புத்தகத்தை மக்டலீனிடம் நீட்டினார்.

“நீங்களே வாசியுங்கோ” என்றார் மக்டலீன்.

வாசித்தார், கடைசி வரிவரை. புத்தகத்தை மூடிவிட்டு, “அந்த வீட்டிலை ஒன்பது பேர் இருந்தனாங்கள். ஒன்பது கையும் எழும்பினது” என்றார்.

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. அந்த வீட்டில் கை தூக்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. இயக்கத்தில் வேறு பெயர். மக்டலீனுக்கு அந்தப் பெயர் தெரியும், ஆள் தெரியாது.

இதை இன்று பின்னேரம் மக்டலீனுக்கு அனுப்பப்போகிறேன். ஆறாம் பகுதியை அவர் எழுதட்டும்.