நீதிபதி எழுந்திருக்கும் வரை

...அதுவும் சரிதான், எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் என்ன, ஆயுசு முழுக்க இந்த நாற்காலியிலேயே, சாப்பாட்டை இங்கேயே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிவிட்டு, ஓய்வு பெறும் நாளன்று நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிப்போய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் அரசாங்கத்துக்கு நஷ்டம் ஒரு நாற்காலிதானே என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த பென்சில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மாடிவீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு ஈரம் இறங்கியதா, இறங்கியது என்றால் சுவர் வழியாகவா தளம் வழியாகவா என்று கீழ்வீட்டுக்காரரின் வக்கீல் கேட்பதை ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் பிடித்துக்கொண்டு. ஈரம். இங்கேயும் இறங்கிவிட்டது. சற்று முன்னால் ஒரே ஒரு தடவை இருமினாள், அடக்கமான இருமல், நீதிமன்றத்துக்கு ஏற்ற இருமல், அதற்கே உள்ளே எதுவோ நழுவி வெதுவெதுவென்று பரவியது. இரட்டை நாப்கின், அதற்குமேல் மடித்த துண்டு, அதற்கும்மேல் கறுப்பு உடுப்பு... கறுப்பைப் பற்றிக் கவலையில்லை, அவள் அலமாரியில் வெளிர்நிறத் துணி என்று ஒன்று இருந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, திறந்தால் யாரோ செத்த வீடு மாதிரி இருக்கும். கவலை நாற்காலியைப் பற்றித்தான். பழைய நாற்காலி மரம், நாலு தலைமுறை எழுத்தர்கள் உட்கார்ந்து வழவழப்பாக்கியது, துடைத்தால் போய்விடும். இது மெத்தை வைத்தது. பால் நிறம். நீதிபதி ஐயா தம்முடைய அறையில் விருந்தினருக்காக வைத்திருந்ததை, அவளுடைய நிலைமையை உத்தேசித்து, தாமே சொல்லி இறக்கிப்போடச் செய்தது. அவளுடைய நிலைமை! கருணையைப்போல மனுஷனைக் கட்டிப்போடுகிற கயிறு உண்டா?

மணி என்ன, கடிகாரம் அவள் முதுகுக்குப் பின்னால், திரும்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால்... வேண்டாம். வழக்கமாக இந்நேரம் இடைவேளை விட்டிருப்பார்கள், விட்டதும் எல்லோரும் தேநீருக்கு ஓடுவார்கள், அவள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடுவாள், அந்த ஓட்டத்தை நம்பித்தான் காலையில் கட்டுவது எல்லாம். இன்றைக்கு இடைவேளை கிடையாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். இந்த ஈர வழக்கு அவருக்கு முன்னால் இருந்த இரண்டு நீதிபதிகளைப் பார்த்துவிட்டது, இதை முடிக்காமல் நகர்வதில்லை என்று சபதம். அவருக்கென்ன, அவர் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை, மேஜைமேல் இருக்கிற தம்ளர் பதவியேற்ற அன்று நிரப்பியது என்று பேர் கூப்பிடுகிற டவாலி சொல்வார், வியர்ப்பதைக்கூட விடுமுறைக்கு ஒத்திவைத்துவிடுகிறவர் என்பார். அவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். வக்கீல்கள், வாதி, பிரதிவாதி, சுவரோரம் தூங்குகிறவர், எல்லோரும். அவர் மேடையிலிருந்து இறங்கித் தம் அறைக்கதவு சாத்தும்வரை நிற்க வேண்டும். அவள் இடம் மேடைக்கு நேர் கீழே. எழுந்தால் பின்னால் நீதிபதி, பக்கத்தில் பெஞ்சு கிளார்க், முன்னால் கூடம் முழுக்க ஜனம், நடுவில் பால்நிற மெத்தை. சாட்சி வேறு வேண்டுமா?

வெறும் கறை என்றால்கூடப் போகிறது, பொம்பளை ஜென்மத்தில் ஒரு கறை கூடவா இல்லாமல் இருக்கும். ஆனால் இவர்கள் அதைக் கறையாகவா பார்ப்பார்கள்? குழந்தை போய்விட்டது என்றல்லவா அலறுவார்கள்! அங்கேதான் மாட்டிக்கொண்டது. பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை, இதை எந்தக் கோவிலிலும் சொல்லத் தயார். அவள் பழக்கம் அப்படி. காதில் விழுவதைக் கை எழுதும், கேட்டால் வாய் அப்படியே திருப்பிப் படிக்கும், நடுவில் மனசு என்று ஒரு ஆள் இருப்பது இருபது வருஷத் தொழிலில் மறந்தே போயிற்று. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அதுதான் நடந்தது, பென்சில் இல்லாமலே அவள் சுட்டுவிரல் முழங்கால்மேல் எழுதிக்கொண்டே போனது. கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள். எலுமிச்சை அளவில் இரண்டு. ஆரஞ்சு அளவில் ஒன்று. பின்சுவரில் ஒரு நடுத்தரப் பப்பாளி. டாக்டரம்மா பழக்கடையிலிருந்து படிப்புக்கு வந்தவரோ என்று அவளுக்குச் சந்தேகம். புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம், இது நிறையப் பேருக்கு இருக்கிறது, பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது, உங்களுக்குத்தான் அது சும்மா இருக்கவில்லை. அப்புறம் அந்த வாக்கியம், மொத்தமாகப் பார்த்தால் உங்கள் கர்ப்பப்பை இப்போது அஞ்சு மாசக் கர்ப்பத்தின் அளவு இருக்கிறது. விரல் எழுதிக்கொண்டது. புரிஞ்சுதாம்மா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். வரிக்கு வரி திருப்பிச் சொல்லியிருப்பாள். புரிவது வேறு இலாகா.

மறுநாள் பதிவறை அக்கா, கோப்புகளுக்கு நடுவே எந்நேரமும் நூல் பின்னிக்கொண்டிருக்கிறவள், இவளைப் பிடித்துக்கொண்டாள். நானும் பார்க்கிறேன், வயிறு முன்னால் வருகிறது, நிமிஷத்துக்கு ஒருதரம் கழிவறைக்குப் போகிறாய், நின்றால் தலை சுற்றுகிறது, பணியாளர் அறைக் குளிர்பெட்டியில் இருக்கிற ஐஸைப் பெயர்த்துப் பெயர்த்துத் தின்கிறாய், ஒரு கட்டி விட்டுவைக்கவில்லை, மசக்கைதானே, எத்தனை மாசம் என்றாள். அவ்வளவும் உண்மை. பப்பாளி முன்னே மூத்திரப்பையை நெருக்குகிறது, பின்னே குடலை நெருக்குகிறது, இருக்கிற ரத்தமெல்லாம் போய் இரும்புச்சத்து இல்லாததால்தான் ஐஸ் தின்னச் சொல்கிறது என்று டாக்டரம்மாவே சொன்னார். மாசம் என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் முந்தின நாள் பதிவைத் திருப்பிப் படித்துவிட்டது. அஞ்சு. நாற்பத்து மூன்று வயசில்! சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி. மறுக்கலாம் என்று வாயெடுப்பதற்குள் ஆளாளுக்கு முகம் மலர்ந்துவிட்டார்கள், அவ்வளவு சந்தோஷத்தை எப்படி ரத்து செய்வது, எந்தச் சட்டப் பிரிவின் கீழ்? அதற்கப்புறம் எத்தனையோ மாதம் போய்விட்டது, அவளுடைய அஞ்சாம் மாசம் மட்டும் போகவில்லை. யாரும் கணக்குப் பார்க்கவில்லை, நீதிமன்றத்துக்காரர்களுக்குத் தாமதம் என்பது ஆச்சரியமான விஷயமே இல்லை. பதிவறை அக்கா குழந்தை ஸ்வெட்டரை இரண்டாவது கைவரைக்கும் பின்னிவிட்டாள், மஞ்சள் நிறம், எந்தக் குழந்தைக்கும் பொருந்தும் என்று.

வீட்டிலாவது சொன்னாளா? வீட்டில் கட்டி தெரியும், கர்ப்பம் தெரியாது. ஆபீசில் கர்ப்பம் தெரியும், கட்டி தெரியாது. இரண்டையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், நடுவில் பஸ். பஸ்ஸிலும் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அவள் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக், நல்ல மனுஷன், ஆபரேஷனை விளக்கினபோது கவனமாகக் கேட்டுவிட்டு, கழற்றி எடுத்தால் வண்டி லேசாகும், எப்போது வேண்டுமானாலும் லீவு போடுகிறேன் என்றார். கட்டியை மட்டும் எடுக்கலாமா, பையையே எடுக்கலாமா, ஊசி போட்டுச் சுருக்கலாமா என்று டாக்டரம்மா மூன்று வழி சொன்னார், முடிவு உங்களுடையது, ஆனால் தள்ளிப்போடாதீங்க என்றார். நாத்தனார் போனில், அண்ணி, பையை எடுத்துட்டா அப்புறம் என்ன மிச்சம் என்றாள். என்ன மிச்சம் இருக்கப் போகிறது, உடம்பு மிச்சம், ரத்தம் மிச்சம், அவள் வாங்குகிற நாப்கினுக்குக் கடைக்காரர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையையே கொடுத்திருக்கிறார், அந்தச் செலவும் மிச்சம். ஆனால் நாத்தனாரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது பெருமை சம்பந்தப்பட்ட விஷயம், எங்க பக்கத்துப் பொம்பளைங்களுக்கு ரத்தத்துக்குக் குறைச்சலே கிடையாது, மாசாமாசம் அள்ளிக் கொட்டும், அவ்வளவு ஊறுகிற உடம்பு என்று சம்பந்தி வீட்டிலேயே சொல்லியிருக்கிறாள். அதை நம்பித்தான் இவளும் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போனதையெல்லாம் ஆஸ்தி என்று நினைத்திருந்தாள். பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஆறு. இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா நடந்து வந்தீங்க என்று டாக்டரம்மா கேட்டார். பஸ்ல வந்தேன் என்றாள் இவள்.

மாடிவீட்டு வக்கீல் எழுந்துவிட்டார். ஈரம் இருந்தது உண்மை, ஆனால் அது தங்கள் குழாயின் ஈரம் என்பதற்கு ஆதாரம் இல்லை... ஒரு சொட்டுத் தண்ணீருக்கு எத்தனை பேர், பொறியாளர் வந்து பார்த்திருக்கிறார், புகைப்படம் இருக்கிறது, எந்தத் தேதியில் கூரை கறுத்தது, எந்தத் தேதியில் காரை உதிர்ந்தது, எல்லாம் பதிவில் இருக்கிறது. விரல்நுனி சில்லென்று இருக்கிறது. எழுத்து கொஞ்சம் சாய்கிறது. தொடைக்கடியில் இப்போது வெதுவெதுப்பு போய்விட்டது, அதுவும் ஆறிவிட்டது, ஒட்டுகிறது. காலை நெருக்கிக்கொள், அசையாதே, மூச்சைக்கூட மேலேயே விடு. நீதிபதி தொண்டையைச் சரிசெய்துகொண்டு உத்தரவு சொல்ல ஆரம்பித்துவிட்டார். முடியப்போகிறதா? முடியக்கூடாது. எல்லோரும் வெளியே போனபிறகு ஒருத்தியாக எழ வேண்டும், அதற்கு ஒரே வழி... அவர் போகாமல் இருக்க வேண்டும், இல்லை, அவர் போக வேண்டும் ஆனால் அவள் நிற்கக்கூடாது... மூளை ஐஸ் கேட்கிறது. நேரம் வேண்டும், கொஞ்சம் நேரம் கிடைத்தால் ஏதாவது தோன்றும். தன் தொழிலில் செய்யாத ஒன்றைச் செய்தாள். மன்னிக்கணும் ஐயா, கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம், என்றாள். கூடமே திரும்பிப் பார்த்தது. இந்தம்மா கேட்டு யாரும் கேட்டதில்லை, இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் கத்தினால் இரண்டையும் தனித்தனியாக எழுதுகிற கை. நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வை இளகியதை அவள் கண்டாள், ஐயோ இளகாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். களைப்பா இருக்காம்மா, சீக்கிரம் முடிச்சிடறேன் என்றார் அவர், விரிவான காரணங்கள் பின்னர் தரப்படும், குழாயை மாடிவீட்டார் மாற்ற வேண்டும், செலவு பாதிப்பாதி, அவ்வளவுதான் என்று, தலைமுறை கண்ட வழக்கை இரண்டே வாக்கியத்தில் முடித்துப் பேனாவை மூடிவிட்டார். இரக்கத்தால்.

எழுந்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. கூடம் முழுக்க எழுந்தது, சுவரோரம் தூங்கினவரும் கண்ணைத் திறக்காமலே எழுந்தார். அவள் எழவில்லை. எழு, பழக்கப்பட்ட கால்தானே, உத்தரவு கேட்டால் தானாக எழுகிற கால், ஆனால் இன்றைக்கு அது எங்கோ தூரத்தில், இன்னொருத்தி கால் மாதிரி... பெஞ்சு கிளார்க் குனிந்து, வலி எடுத்துடுச்சா என்று காதில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். ஆமாம் என்றால் வண்டி வரும், தூக்கிக்கொண்டு போவார்கள், நாளைக்கு எல்லோரும் துக்கம் விசாரிப்பார்கள், பதிவறை அக்கா அந்த மஞ்சள் நூலைப் பிரிப்பாள். இல்லாத ஒரு குழந்தைக்கு இத்தனை பேர் அழ, அவள் அதையும் சுமந்துகொண்டு, பப்பாளியையும் சுமந்துகொண்டு... எத்தனை பாரம்தான் தாங்கும் ஒரு வயிறு. நீதிபதி மேடையின் முதல் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். என்னம்மா என்றார்.

"குழந்தை இல்லீங்க ஐயா. கட்டி. ரத்தம் போயிட்டிருக்கு, என்னால எழுந்திருக்க முடியல."

அவள் குரல்தானா அது? சாட்சிக்கூண்டிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் பல வருஷத்தில் முதல்தடவையாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பால்நிற மெத்தையைப் பார்த்தார். எந்தப் புத்தகத்திலும் இதற்கு விதி இல்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. பிறகு, வேறு எதுவும் தோன்றாததால்தான் இருக்க வேண்டும், படியேறித் திரும்ப வந்து தம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் பெஞ்சு கிளார்க் உட்கார்ந்தார். வக்கீல்கள் உட்கார்ந்தார்கள். கூடம் முழுக்க, வரிசை வரிசையாக, உட்கார்ந்துவிட்டது. இப்போது அவள் எழுந்திருக்கும் வரை யாரும் எழ முடியாது போலிருக்கிறது. சிரிப்பு வந்தது, இருமலாகிவிடும் என்று அடக்கினாள். பேர் கூப்பிடுகிற டவாலி மட்டும் ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்ல வெளியே ஓடினார், மரியாதையைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு.

வண்டி வரும்வரை எதையாவது கேட்க வேண்டுமே என்று நீதிபதி கேட்டார், வழக்கில் கேட்கிற அதே குரலில், ஆனால் கொஞ்சம் தாழ்த்தி.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

நாலு வருஷமா என்று சொல்ல வாயெடுத்தாள். நாலா? அவள் பையன் ஹாஸ்டலுக்குப் போன வருஷமே கறுப்புத் துணி எடுத்தாளே. அதற்கும் முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தது, அது இதனால்தானே, அதற்கும் முன்னால் ஒரு ரயில் பயணம் முழுக்க நின்றுகொண்டே வந்தது... கீழ்வீட்டுக்காரருக்குத் தம் கூரை கடைசியாகக் காய்ந்திருந்த தேதி தெரியும். இவளுக்கு? அள்ளிக் கொட்டாமல், சும்மா, எல்லோருக்கும் வருகிற மாதிரி வந்து போன ஒரு மாசம்... அப்படி ஒன்று இருந்ததா? இருந்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? கூடம் காத்துக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தபடியே, இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்று தேடிக்கொண்டிருந்தாள்.