முதல் பக்கத்தில் ஐம்பது

என் நாத்தனாரும் நானும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். நாத்தனார் என்றதும் சண்டைக் கதை என்று நிமிர்ந்து உட்கார வேண்டாம். கணவருக்கு அக்கா, எனக்கும் அக்காதான். இந்த வேலைக்கு எனக்காகச் சொல்லி வைத்ததே அவர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. லிஃப்ட் நின்றுபோனால், கதவு மூடாவிட்டால் மக்கள் புகார் அனுப்புவார்கள். அக்காவும் இன்னும் நாலு பெண்களும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மெக்கானிக்கை அனுப்புவார்கள். மேல்தளத்தில் நான் மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவேன்.

அக்காக்களின் வேலையைச் செய்ய ஏஐ வந்தது. புகார்களை வரிசையாக எடுத்துத் தர அதற்கு ஒரு கருவி. அந்தக் கருவியை எப்படிக் கேட்க வேண்டும், என்ன தரும் என்று ஏஐக்குச் சொல்லும் குறிப்பை எழுதுவது என் தலையில் விழுந்தது. சோறு போட்டவர் வேலைக்கே உலை வைக்கிற வேலை. அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"நீ எழுதலன்னா வேற யாராவது எழுதப் போறாங்க," என்றார் அவர். "ரெண்டு வாரம் அதுவும் நாங்களும் சேர்ந்து பாக்கணுமாம். அப்பறம்தான் எங்கள வச்சுக்கறதா அனுப்பறதான்னு முடிவாம். நீ ஒழுங்கா எழுது. எவ்வளவு வேலை கெடக்குன்னு அதுவே சொல்லிட்டா, எங்கள எப்படி அனுப்புவாங்க?"

ஒழுங்காகத்தான் எழுதினேன். கடைசியாகக் கைபட்ட புகார், அதாவது புதிதாக வந்ததோ யாராவது திறந்து சேமித்ததோ, முதலில் வரும். ஒரு தடவைக்கு ஐம்பதுதான் வரும். முடிவில் இப்படி ஒரு வரி வைத்தேன்: 'ஐம்பது வந்தால் கீழே இன்னும் இருக்கலாம், அடுத்த பக்கம் கேட்காமல் மொத்தம் இவ்வளவு என்று சொல்லாதே.'

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சுருக்குப்பை. எதையும் சுருக்கு என்பார், எதற்கும் காசை அவிழ்க்க மாட்டார். அந்த வரியை அடித்துவிட்டார்.

"ஏஐ ஒவ்வொரு தடவையும் இத முழுசா படிக்கும்மா. வார்த்தைக்கு வார்த்தை காசு."

"இது இல்லன்னா முதல் பக்கத்தோட நின்னுடும் சார்."

"அதுக்கு அறிவு இருக்குன்னுதானே வாங்கியிருக்கோம்? அதுவே புரிஞ்சுக்கும்."

யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான். வாதாடிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டம். நிலுவையில் முந்நூறு புகாருக்கு மேல் என்றார்கள் அக்காக்கள். ஏஐ ஐம்பது என்றது. சுருக்குப்பை சிரித்தார். "இல்லாத வேலையக் காட்டியே இத்தன வருஷம் ஓட்டியிருக்கீங்க."

நான் எழுந்துவிட்டேன். "தினமும் அச்சடிச்ச மாதிரி ஐம்பதுன்னே வருதே, உங்களுக்குச் சந்தேகமே வரலையா சார்? இப்பவே ரெண்டாம் பக்கத்தக் கேட்டுக் காட்டறேன்."

அவர் மடிக்கணினியை மூடினார். "உங்க நாத்தனாராச்சே, நீங்க பேசத்தான் செய்வீங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். அக்கா தலை நிமிரவே இல்லை. ஐந்து பேரும் அன்று சாயங்காலமே வெளியேறினார்கள், வேலை போனதோடு பொய்க்காரிகள் என்ற பட்டமும் சேர்ந்து. மறுநாளும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், ஒரே வீட்டில் இருக்கும் எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் ஒன்றாவது மிஞ்ச வேண்டுமே.

அடுத்த மாதம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், லிஃப்ட் தளத்துக்கு ஒரு அடி கீழேயே நின்று கதவைத் திறந்தது. வெளியிலிருந்து உள்ளே கால் வைத்த பெண்மணிக்குக் கால் முறிந்தது. புகார் பல வாரமாகக் கிடந்திருக்கிறது, ஏஐ பார்க்கும் முதல் பக்கத்தில் அது இல்லை.

சுருக்குப்பை என் மேசைக்கே வந்து நின்றார். "அந்த வரிய திரும்பப் போட்டுடும்மா."

"அக்காங்கள?"

"அது முடிஞ்சுபோன விஷயம்மா."

வரியைப் போட்டேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"எந்தக் கட்டடம்?" என்றார்.

சொன்னேன். மடித்த துணி மடியிலேயே இருந்தது.

"ஆறாவது மாடி. பார்ட்ஸ் வரலன்னு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. தினமும் காலையில போனதும் அந்தப் புகாரத் தொறந்து கடைசியில ஒரு புள்ளி வச்சு சேவ் பண்ணுவேன். அப்பதான் அது மேல வந்து நிக்கும், மெக்கானிக்குக்கு மறக்காம ஃபோன் போடுவேன். மோசமான புகாருக்கெல்லாம் நாங்க அஞ்சு பேரும் அப்படித்தான் வைப்போம்." என்னைப் பார்த்துக் கேட்டார். "நாங்க வெளிய வந்தப்பறம் யாரு புள்ளி வச்சிருப்பா?"

அவர்கள் போன மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாளும் அது கீழே கீழே இறங்கியிருக்கிறது. நான் எழுதிய குறிப்பில் அந்தப் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. கேட்டு எழுதியிருந்தாலும் சுருக்குப்பை அதையும் அடித்திருப்பார்.