ஓட்டுநர் இரண்டு

வண்டி வந்த அன்று தெருவே கூடிவிட்டது. சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய அந்தச் சந்துக்குள் அவ்வளவு பெரிய எலெக்ட்ரிக் கார் நுழைந்ததே அதிசயம். "மழையில ஷாக் அடிக்காதா?" என்று எதிர்வீட்டு அமிர்தம் தள்ளி நின்றே கேட்டாள். ஞானசம்பந்தன் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் பதில் சொன்னார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர், பத்துப் பேருக்கு நடுவில் பேசுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

"எனக்கு எதுக்குங்க இது? எல்லாம் லதாவுக்குத்தான். தெனம் கம்பெனி பஸ்ல இடிபட்டுட்டுப் போறா, பாவம்."

அவருடைய மனைவி ஸ்வர்ணலதா கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பரிசோதனைக்கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்தாள். பதினாறு வருடமாக அதே பஸ், அதே ஜன்னலோர இருக்கை. கணவர் அவளுக்கென்று ஒரு கார் வாங்குவார் என்று அவள் நினைத்ததேயில்லை. தில்லைக் காளியம்மன் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றியபோது அவளுக்குக் கண் கலங்கியே விட்டது.

அன்று சாயங்காலம் ஞானசம்பந்தன் வண்டியின் செயலியை முதலில் தன் போனில் ஏற்றினார், பிறகு அவளுடையதில். அவருடைய பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்று வந்தது. அவளுடைய பெயருக்குக் கீழே 'ஓட்டுநர் இரண்டு'.

முதல் வாரம் சொர்க்கம்தான். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது கண்ணாடிக் கூரை வழியாக வானம் முழுக்க அவள் தலைக்கு மேல் இருந்தது. இருக்கை முதுகைப் பிடித்துவிட்டது. சிப்காட் நெருங்கியதும் பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த நெடிகூட உள்ளே வரவில்லை. ஆலைக்குள் இறங்கிய பிறகுதான் வந்துவிட்டோம் என்றே தெரிந்தது. பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்த்த ரேகா காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் வீடு மஞ்சக்குப்பத்தில். சாயங்காலம் கடலூர்ப் பக்கம் ஏதாவது வேலை இருந்தால் லதா அவளை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவாள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "முட்லூர்ல எதுக்கு நின்ன?" என்று கேட்டார் ஞானசம்பந்தன்.

"பூ வாங்கினேன். யாரு சொன்னா?"

"வண்டி சொல்லுச்சு" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பிறகு, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஏசி தானாகக் குறைந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது, "உனக்குத்தான் சளி புடிச்சிருக்கே, நான்தான் கொறச்சேன்" என்றார். அடுத்த வாரம் வண்டி அறுபதுக்கு மேல் போகவில்லை. நாலுவழிச் சாலையில் லாரிகள் பின்னால் ஹார்ன் அடித்து விரட்டின. "நீ அவசரக்காரி. அதான் கட்டுப்பாடு வச்சிருக்கேன்" என்றார். இதையெல்லாம் அக்கறை என்று எடுத்துக்கொள்ள லதா மெனக்கெட்டாள். மெனக்கெட வேண்டியிருந்ததே அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ரேகா காரில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் கணக்குக் கேக்குறாரு உங்க சாரு. இது கார் இல்லக்கா, காவல்காரன்."

மறுநாள் காலையில் காபியை உறிஞ்சிக்கொண்டே ஞானசம்பந்தன் சொன்னார்: "காவல்காரன் இருக்கறதும் நல்லதுதான் லதா. இல்லன்னா கண்டவங்களும் உள்ள வந்து உக்காந்துக்குவாங்க."

அது காருக்குள் ரேகா சொன்ன அதே வார்த்தை. காரின் முன்கண்ணாடிக்கு மேலே சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது லதாவின் நினைவுக்கு வந்தது. தூங்காமல் ஓட்டுகிறோமா என்று பார்க்கும் கேமரா என்று விற்பனையாளன் சொல்லியிருந்தான். அது கேட்கவும் செய்யும் என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ரேகா காரில் ஏற வரவில்லை. லதா விடாமல் கேட்ட பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சார் எங்க வீட்டுக்காரரு சார்லஸுக்குப் போன் பண்ணாருக்கா. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாராம். அவுங்க குடும்பத்தப் பத்தி நாம பேச வேணாம்னு இவரு சொல்லிட்டாரு."

அதற்குப் பிறகு லதா காருக்குள் பாட்டுகூட முணுமுணுப்பதில்லை. போன் வந்தால் ஓரமாக நிறுத்தி, இறங்கி, தூரப் போய்ப் பேசினாள். வண்டியை விட்டு எதற்கு அவ்வளவு நேரம் இறங்கியிருந்தாய் என்ற கேள்வி அன்றிரவே வரும். பழையபடி பஸ்ஸில் போகிறேன் என்றாள் ஒருநாள். "இவ்ளோ ஆசையா வாங்கிக் குடுத்தேன்" என்றார் அவர். மறுநாளும் அவள் காரில்தான் போனாள்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை. உடன் வேலை பார்க்கும் தமிழ்ச்செல்வி அறுவை சிகிச்சை முடிந்து பரங்கிப்பேட்டை வீட்டில் படுத்திருந்தாள். போக வேண்டாம் என்று ஞானசம்பந்தன் சொல்லியிருந்தார். லதா போனாள். அரைமணி நேரம் பேசிவிட்டு, வெயிலில் நின்ற காரில் வந்து உட்கார்ந்தாள். வண்டி அசையவில்லை. திரையில் ஒரே ஒரு வரி: 'உங்கள் அனுமதி நீக்கப்பட்டுள்ளது.'

ஏசி நின்றது. காரின் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி.

"எங்க இருக்க?"

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"அங்கயே உக்காந்திரு. பஸ் புடிச்சு நான் வர்றேன்."

அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கூரை வழியே சித்திரை வெயில் நேராகத் தலையில் இறங்கியது. புடவை முதுகோடு ஒட்டியது. ஜன்னல் பொத்தானை அழுத்திப் பார்த்தாள், இறங்கவில்லை. கதவையும் பூட்டியிருப்பார், தட்டிக் கூப்பிட்டால் தெருவே வேடிக்கை பார்க்கும் என்று தோன்றியது. மூச்சு இரைத்தது. சைக்கிளில் போன ஒருவர் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். லதா அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு எத்தனை முறை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் கை தானாகக் கதவின் பிடியை இழுத்தது.

கதவு திறந்துகொண்டது.

அவர் பூட்டவே இல்லை. சொன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உச்சி வெயிலிலும் லதாவுக்கு உடம்பு சில்லிட்டது அப்போதுதான்.

கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள், பின்னால் ஹார்ன் அலற ஆரம்பித்தது. ஆளில்லாத கார் விளக்குகளை விட்டுவிட்டு எரியவைத்து விடாமல் கத்தியது. ஆட்கள் கூடினார்கள். "யாரும்மா, உங்க வண்டியா?" என்றார் ஒரு கடைக்காரர். "இல்லைங்க" என்றாள். கடலூர் பஸ்ஸில் ஏறும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் ரேகா கதவைத் திறந்து அவளை உள்ளே கூட்டிப்போனாள். சார்லஸ்தான் ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார்.

மறுநாள் லதாவின் அண்ணன் வெங்கட்ராம் தகவல் தெரிந்து சென்னையிலிருந்து தன் காரில் ரேகா வீட்டுக்கு வந்தான். ஞானசம்பந்தனும் அந்த எலெக்ட்ரிக் காரில் பழக்கூடையோடு வந்து இறங்கினார்.

"அடிச்சாரா?" என்று அண்ணன் தனியாகக் கேட்டான்.

"இல்ல."

"குடிச்சிட்டு வந்தாரா?"

"இல்லண்ணா."

"அப்புறம் என்னம்மா? உன் மேல உள்ள அக்கறைலதான..."

பரங்கிப்பேட்டையில் நடந்ததை அவள் முதலிலிருந்து சொன்னாள். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு வாசலுக்குப் போனான். "வாங்க மச்சான், ஒரு ரவுண்டு போவலாம். மனசு விட்டுப் பேசுவோம்" என்றார் ஞானசம்பந்தன். இருவரும் கடற்கரைப் பக்கம் போய்விட்டுத் திரும்பினார்கள். வெங்கட்ராமின் முகம் மலர்ந்திருந்தது.

"சும்மா சொல்லக்கூடாது லதா. வெண்ணெய் மாதிரி போவுது. மாப்ள எல்லாத்தயும் சரி பண்ணிட்டாராம். கெளம்பு."

"நான் வரல" என்றாள் லதா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

ஞானசம்பந்தன் கோபப்படவில்லை. சாவி அட்டையை எடுத்து ரேகாவின் மேசைமேல் வைத்தார். "வண்டி இங்கயே நிக்கட்டும். உனக்குன்னு வாங்கினது. எப்பத் தோணுதோ அப்ப வா" என்று சொல்லிவிட்டு மைத்துனனின் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவருக்கு இருக்கிற பெரிய மனசைப் பார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நாலு பக்கமும் கேமரா வைத்த அந்தக் கார் ரேகா வீட்டு ஜன்னலுக்கு நேராக நின்றது. அடுத்த நாள் அவளுடைய போனில் ஒரு செய்தி வந்தது: 'பச்சைப் புடவை உனக்கு நல்லா இருக்கு.' அதற்கடுத்த நாள்: 'சார்லஸ் காலைலயே வீட்ல இருக்காரே, வேலைக்குப் போகலயா?' ரேகா பிள்ளைகளை வாசலில் விளையாட விடுவதை நிறுத்தினாள். யாரும் லதாவைப் போகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் செய்திகளையெல்லாம் படமெடுத்து, விசாரித்து வைத்திருந்த ஒரு பெண் வக்கீலுக்கு லதா அனுப்பினாள். பிறகு கடைத்தெருவுக்குப் போய் லாரிக்குப் போடும் நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கிவந்தாள். சார்லஸ் ஒரு முனையைப் பிடித்தார், அவள் மறுமுனையை. முன்கண்ணாடி, கூரை, பக்கக் கண்ணாடிகள் எல்லாம் மூடும்வரை இழுத்து, கீழே கயிறு போட்டுக் கட்டினாள். முடிச்சு இறுகுவதற்குள் அவள் போன் அடித்தது.

லதா அதை எடுக்கவில்லை. இரண்டாவது முடிச்சைப் போட்டாள்.