நிறுத்தச் சொன்ன கை

சாத்தாங்காடு இரும்பு யார்டில் கிரேன் ஓட்டுகிறவன் நான். மேலே கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டால் கீழே இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. இத்தனை வருஷமாக எனக்குக் கேட்டதெல்லாம் கீழே நின்று சிக்னல் காட்டும் தேசப்பனின் வலது கைதான்.

அந்தக் கை பேசும். விரித்த உள்ளங்கை ஆடாமல் நின்றால், நிறுத்து. நின்ற கையில் விரல்கள் மட்டும் துடித்தால், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கலாம். எங்கள் யார்டில் இதுதான். முதலாளி பக்கத்தில் நின்றால் இடுப்புக்குக் கீழே ஒரு விரலால் அவரைத் திட்டுவான். நான் மேலே தனியாகச் சிரிப்பேன். வெயில் ஏறினால் கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோவான், டீ வந்துவிட்டது. நாங்கள் சண்டை போட்டு முகம் பார்க்காத நாட்களிலும் அந்தக் கை என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தது. டன் கணக்கில் கனக்கும் கம்பிக்கட்டுகளை, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி லாரியில் வைப்போம். அதைவிட நல்ல நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை.

பங்குனியில் ஒரு காலை, லாரிக்கு மேலே கட்டு இறங்கும்போது அவன் கை விரிந்தது. விரல்கள் துடித்தன. இறக்கச் சொல்கிறான் என்று இறக்கினேன். அவன் சொன்னது நிறுத்து. லாரிப் பலகை நொறுங்கியது. லோடுமேன் டில்லிபாபு காலை இழுத்துக்கொண்டான். செருப்பு மட்டும் கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

தேசப்பன் குடித்திருக்கிறான் என்றது யார்டு. உண்மையில் அவன் பொங்கலோடு குடியை விட்டிருந்தான். அது தெரிந்தவர்கள், விட்டதால்தான் கை ஆடுகிறது என்றார்கள். அவனும் அதையே நம்பினான். சூப்பர்வைசர் குணசேகரன் கத்தவில்லை. கை சரியாக இருக்கிறதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சிக்னலுக்கு நில், இல்லாவிட்டால் வேண்டாம் என்றுவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்ததுமே அவனிடமிருந்து சாராய வாடை அடித்தது. இன்னாடா இது என்றேன்.

“ஒரு கட்டிங் வுட்டேன் தாமசு மாமு. இப்போ பாரு, கை நிக்குது.”

நீட்டிக் காட்டினான். நின்றது. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

டாக்டரம்மா, மேஜையில் கை படாமல் பேப்பரில் சுருள் சுருளாக வரையச் சொன்னார். ஜிலேபி பிழிந்த மாதிரி சுத்தமாக வந்தது. அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவரோ பேப்பரை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாளைக்குக் குடிக்காமல் வா என்றார். இது குடியால் வந்த நடுக்கம் இல்லை, குடி அதைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கும், போதை இறங்கியதும் இன்னும் அதிகமாக ஆடும் என்றார். மடியில் சும்மா கிடக்கும் கை ஆடாது; நீட்டிப் பிடித்தால், எதையாவது செய்யப்போனால் ஆடும். பல குடும்பங்களில் வழிவழியாக வருமாம். உன் வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

தேசப்பனின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். ராயபுரத்தில் அவர்கள் தெருவே அவரைக் குடிகாரன் என்றது.

“நைனா ஒரு சொட்டு தொட்டதில்ல டாக்டர். சத்தியம் பண்ணிகினே கெடப்பாரு. நானே நம்பல.”

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரு கட்டிங்கைப் போட்டுக்கொண்டு வேறு டாக்டரிடம் போனால் எழுதி வாங்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவன் கை இல்லாத யார்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“வாங்கலாம் மாமு. மத்தியானம் எறங்கிடுமே. கீழ டில்லிபாபு நின்னுகினு இருப்பான்.”

மறுநாள் குடிக்காமல் போனான். சுருள் ரம்பம் மாதிரி பல்பல்லாக வந்தது. ஒரு கிளாசிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். பாதி மேஜையில் போனது. விரலில் சின்னதாக ஒரு கருவியைக் கட்டினார்கள். கை எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் ஆடுகிறதென்று திரையில் அலையாக ஓடியது. மணிக்கட்டில் கனம் கட்டியபோது அலை சிறுத்தது. தேசப்பன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாத்திரை எழுதினார். சிக்னலுக்கு நிற்கக் கூடாதென்றும் எழுதினார். அதை அவனே கொண்டுபோய்க் குணசேகரனிடம் கொடுத்தான். சங்கிலி மாட்டுகிற வேலை கேட்டான். கனத்தைப் பிடித்தால் என் கை அவ்வளவாக ஆடாது, நின்று பாருங்கள் என்றான். குணசேகரன் நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுச் சரியென்றார்.

இப்போது சிக்னல் வாக்கி டாக்கியில் வருகிறது. குரல் தெளிவாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கட்டு மேலே ஏறியதும் என் கண் தேசப்பனைத்தான் தேடுகிறது. அது அவனுக்கும் தெரியும். சங்கிலியை மாட்டிவிட்டு ஒதுங்கியதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான். கட்டு லாரியில் உட்காரும்வரை வெளியே எடுப்பதில்லை.