அடுத்த கிணறு

1954இல் ஒரு பாலைவனத்தை அளந்தவர்கள் கையால் வரைந்த வரைபடங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் லண்டன் ஆவணக் காப்பகத்தில் பிரசாந்தினியின் வேலை. ஒரு கிணற்றருகே அளவையாளர் ஒருவர் சாய்ந்த எழுத்தில் குறித்திருந்தார்: 'வற்றிவிட்டது. கையில் ஒரு போத்தல் தண்ணீர். அடுத்த கிணறு முப்பது மைல்.'

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வரைபடத் தாளைத் தேடிப் பெட்டி பெட்டியாகக் கிளறினாள்.

இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் அவளுக்காகக் காத்திருந்த கணவன் ரதீசன் போனில் அழைத்தான். "இன்னும் வெளிக்கிடேல்லையே?"

"ஏலாது. இஞ்ச ஒராள் தண்ணியில்லாமல் நிக்கிறார்."

"அப்ப குடுமன்! எவ்வளவு நேரமா நிக்கிறார்?"

"எழுபது வருசமா!" போனை வைத்துவிட்டாள்.

கடைசிப் பெட்டியில் தாள் அகப்பட்டது. அதில் அந்த அடுத்த கிணறும் இருந்தது: 'நல்ல தண்ணீர். நிறைய.'

அப்பாடா என்று மூச்சு விட்டவள், மறுபடியும் குனிந்து பார்த்தாள். எழுத்துகள் சாயாமல் நேராக நின்றன. அது வேறொருவரின் கையெழுத்து.