விறைப்பூசியும் நெஞ்சு வருத்தமும்

பரமலிங்கத்தாருக்கு நெஞ்சு வருத்தம் என்பது யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான உரும்பிராயில் எல்லோருக்கும் தெரியும். அதை எந்த டொக்டர் கண்டுபிடித்தார் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு, குண்டு போடும் பொம்மருக்குப் பயந்து ஊரெல்லாம் பதுங்கப் பங்கர் வெட்டிய நாட்களில் அது தொடங்கியது. செம்மண்ணுக்குக் கீழே முழுக்கக் கல். பரமலிங்கத்தார் கல்லை உடைக்க ஒருதரம் அலவாங்கைத் தூக்கினார், நெஞ்சைப் பிடித்தார், சாய்மனைக் கதிரைக்குப் போய்விட்டார். மிச்சத்தை வெட்டியது அவருடைய மனைவி மகாதேவி.

வெட்டும்போது கல் உருண்டு அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. புத்தூர் முறிவு வைத்தியர் கையை இழுத்துப் பொருத்த, அவள் குளறினாள். பக்கத்தில் நின்ற அவளுடைய மனுசன் சொன்னார்:

"குளறாதை. என்ரை நெஞ்சு படபடக்குது."

பக்கத்து வீடு என்று கூடப் போன நான் என் காதால் கேட்டது, கதை கட்டிச் சொல்லவில்லை. மகாதேவி உடனே வாயை மூடினாள். வீட்டிலும் அதற்குப் பிறகு அளவோடுதான் கதைத்தாள். அவர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

அடுத்த வருசம் அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல் சூத்தை பிடித்துக் குடையத் தொடங்கியது. பக்கத்துத் திருநெல்வேலியில் பல் டொக்டர் ஸ்ரெல்லாவிடம் மகாதேவி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். டொக்டருடைய அறைக்குக் கதவில்லை, ஒரு சீலைத் திரைதான். உள்ளே நடப்பதெல்லாம் வெளியில் வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்கும். அன்று வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள் எங்கள் ஒழுங்கை நாகேஸ்வரி. பரமலிங்கத்தார் வீட்டுப் பங்கருக்கு மேலே அடுக்கப் பனங்குற்றி தூக்கிக் கொடுத்தவள்.

"நரம்புக்குப் பக்கத்திலை விறைப்பூசி போடுவன். ஒருபக்க உதடும் நாக்கும் விறைக்கும். பிடுங்கேக்கை அமத்துறது தெரியும், நோகாது," என்றார் டொக்டர். "பிறஷர், நெஞ்சு வருத்தம் ஏதும் இருக்கோ?"

அவர் வாய் திறக்க முதல் மகாதேவி சொன்னாள்: "ஓம் டொக்டர். கடும் நெஞ்சு வருத்தம்."

டொக்டர் ஊசியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"இந்த மருந்திலை அட்ரினலின் கலந்திருக்கு. அதாலைதான் விறைப்பு கனநேரம் நிக்கும். ஆனால் நெஞ்சைப் படபடக்க வைக்கும். கலக்காத மருந்து இப்ப தடையாலை யாழ்ப்பாணத்துக்கு வாறேல்லை. பெரியாஸ்பத்திரியிலை நெஞ்சைக் காட்டிப்போட்டு அடுத்த கிழமை வாங்கோ."

"அடுத்த கிழமையோ!" பரமலிங்கத்தார் முனகினார். "மகாதேவி, சொல்லன்."

"நான் என்னத்தைச் சொல்ல? ஊருக்குச் சொன்னது நீங்கள். இல்லாட்டி ஊசி போடாமல் பிடுங்குங்கோ டொக்டர். இவர் குளறமாட்டார்."

பிறகு அவருடைய குரல், மெல்லமாக: "டொக்டர், எனக்கு நெஞ்சிலை ஒண்டுமில்லை."

"கேக்கேல்லை," என்றாள் மகாதேவி.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை! பங்கர் வெட்டப் பஞ்சியிலை சொன்ன பொய்!"

நாகேஸ்வரி வாங்கை விட்டு எழும்பிவிட்டாள். "கோதாரியிலை போவார்! குற்றி தூக்கின நாரி எனக்கு இண்டைக்கும் நோகுது!" என்று இடுப்பைப் பிடித்தாள்.

டொக்டர் அவரை நம்பவில்லை. பிறஷர் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊசியைப் போட்டு, விறைக்கும்வரை பொறுக்கச் சொன்னார். நாகேஸ்வரிக்கு மறுமொழி சொல்ல வேண்டுமென்று மனுசனுக்கு ஒரே அவதி. திரையை விலக்கித் தலையை நீட்டினார். நாக்கு புரளவில்லை. "நா... ழா..." என்றார். கடைவாயால் வீணி வடிந்தது.

மகாதேவி அதைக் கண்டாள். விலக்கிய திரைக்குள்ளால் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கலியாண வீட்டிலும் அவள் அப்படிச் சந்தோசப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

பல் நோகாமல் வந்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

"டொக்டர், இந்த விறைப்பு எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ரெண்டு மூண்டு மணித்தியாலம். பஞ்சைக் கடிச்சுக்கொண்டு இருக்கட்டும். கதைக்க விடாதேங்கோ."

"சீச்சீ, விடமாட்டன்."

பலாலி வீதியில் மண்ணெண்ணெய்ப் புகையோடு பஸ் வந்தது. பரமலிங்கத்தார் கையை நீட்டினார். மகாதேவி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"பஸ் வேண்டாம். நடப்பம். ஆறுதலாக் கதைச்சுக்கொண்டு போகலாம்."

பஸ் போய்விட்டது. நானும் ஏறவில்லை. எப்படி ஏறுவது? பின்னால் நாலடி விட்டு நடந்தேன். அவர் பஞ்சைக் கடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு போனார். அவள் தாலி ஏறிய நாளிலிருந்து கதையைத் தொடங்கினாள். ஒன்றையும் விடவில்லை. பாதி வழியில் கோண்டாவில் தாண்டும்போது கலியாணத்துக்கு அடுத்த வருசத்துக்குத்தான் வந்திருந்தாள்.